பாலைவனக் கார்ப் பயணத்தில் சின்ன கேமரா: எப்போது ஆன் செய்வது, எப்போது பையிலேயே விடுவது

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் மார்த்தாண்டத்திலிருந்து காரில் ஜெய்சல்மேர் போகிறோம். கையில் இருப்பது ஒரு அங்குல சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள சின்ன ஜூம் கேமரா. "மணலில் அது ஒரு நாள்கூடத் தாங்காது, போனே போதும்" என்கிறார் அண்ணன். எடுத்துப் போகலாமா? என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்:

தாராளமாக எடுத்துப் போங்கள். அண்ணன் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. சின்ன கேமராக்கள் பாலைவனத்தில் கெட்டுப்போவது உண்மைதான். ஆனால் அவை கெடுவது பெரும்பாலும் பைக்குள் இருக்கும்போது அல்ல. காற்று வீசும் நேரத்தில் ஆன் செய்து, ஜூம் செய்து, அப்படியே ஆஃப் செய்யும் அந்த அரை நிமிடத்தில்தான். எப்போது லென்ஸை வெளியே விடுவது என்பதில் கண்டிப்பாக இருந்தால், விலை உயர்ந்த பை எதுவும் இல்லாமலே கேமரா பத்திரமாக ஊர் திரும்பும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த எதிரிகள் இரண்டு: உப்புக் காற்று, லென்ஸில் படரும் பூஞ்சை. ஜெய்சல்மேரில் இரண்டும் இல்லை. வெயிலும் டிசம்பரில் பெரிய சிக்கல் அல்ல. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. ஆனால் அது கோடை. டிசம்பரில் பகல் இதமாக இருக்கும், இரவு பத்து டிகிரிக்குக் கீழே போகும். பெரும்பாலான கேமராக் கையேடுகளில் 0 முதல் 40 டிகிரி வரை இயங்கும் என்றுதான் போட்டிருக்கும். அந்த எல்லையைத் தாண்டுவது பாலைவனம் அல்ல, கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு. அங்கே மட்டும் வைக்கவே கூடாது. முன் சீட்டுக்குப் பின்னால், தரையில், ஒரு காய்ந்த துவர்த்தில் (துண்டில்) சுற்றி வைத்தால் போதும். ஐஸ் பெட்டியில் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

அப்படியானால் உண்மையான ஆபத்து எங்கே? கேமராவை ஆன் செய்து லென்ஸைப் பக்கவாட்டில் பாருங்கள். ஒரே குழாய் அல்ல. பழைய ரேடியோ ஆன்டெனா போல ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று குழாய்கள். அவற்றுக்கு நடுவே சுற்றிலும் மெல்லிய இடைவெளி ஓடும். குன்று மணலின் ஒரு துகள் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மி.மீ. அது அந்த விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். லென்ஸ் உள்ளே போகும்போது துகளும் கூடவே போய், குழாயை நகர்த்தும் பிளாஸ்டிக் பல்சக்கரத்திலோ தடத்திலோ சிக்கும். மோட்டார் சின்னது, தள்ள வலு இல்லை. திரையில் "லென்ஸ் பிழை" என்று வந்து கேமரா நின்றுவிடும்.

இரண்டாவது ஆபத்து சத்தமில்லாமல் வருவது. லென்ஸ் நீளும்போது உள்ளே இடம் கூடுகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஜூம் செய்யும் ஒவ்வொரு முறையும் கேமரா சைக்கிள் பம்பு மாதிரி மூச்சு வாங்குகிறது. மணலைவிடப் பல மடங்கு நுண்ணிய தூசி அந்த மூச்சோடு போய் சென்சார்மேல் உட்கார்ந்துவிடும். லென்ஸ் கழற்றும் கேமராவில் அதை நாமே ஊதி எடுக்கலாம். இதில் லென்ஸ் கழலாது. சர்வீஸில் பிரித்தால்தான் உண்டு. மணல் புகுந்த பழுதைப் பெரும்பாலான கம்பெனிகள் வாரண்டியில் ஏற்பதும் இல்லை.

புதிதாக வாங்கும் யோசனை இருந்தால் மட்டும் ஒரு வார்த்தை. லென்ஸ் வெளியே நீளாத, தூசி புகாத வகை வேண்டுமென்றால் ஒலிம்பஸ் டிஜி-6 அல்லது ஓஎம் சிஸ்டம் டிஜி-7. அவற்றில் ஜூம் முழுக்க உடலுக்குள்ளேயே நடக்கும், மணலில் விழுந்தால் தண்ணீரில் கழுவலாம். ஆனால் சென்சார் சின்னது, அந்தி வெளிச்சத்தில் உங்கள் கேமராவுக்கு ஈடாகாது. ஃபியூஜி எக்ஸ்100வி தூசித் தடுப்பு உள்ளது என்பார்கள். அடாப்டர் வளையமும் 49 மி.மீ. பில்டரும் மாட்டினால்தான் அந்தத் தடுப்பு முழுமையாகும். இருப்பதை விட்டுவிட்டு இந்த ஒரு பயணத்துக்காகப் புதிது வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

முதல் வேலை, கேமராவைத் துடைப்பது. சொத்தவிளை, முட்டம் கடற்கரைகளில் எடுத்துப் பழகிய கேமரா என்றால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் இருக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரத்தில் தூசி பிசின் மாதிரி ஒட்டும். லேசாக நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் உடலை மட்டும் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

அடுத்து ஒரு சோதனைப் படம். எஃப் 11-இல், அதாவது லென்ஸின் துளையை நன்றாகச் சுருக்கி, மேகமில்லாத நீல வானத்தை, ஃபோகஸைக் கிட்டத்தில் வைத்து எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் அவை ஏற்கனவே இருக்கும் தூசி. அந்தப் படத்தை அழிக்காதீர்கள். திரும்பி வந்து ஒப்பிட அதுதான் ஆதாரம்.

பேட்டரி மூன்று வேண்டும். இந்த அளவு கேமராக்களுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு ஒரு சார்ஜுக்கு சுமார் 200 முதல் 350 படங்கள். வெயிலில் திரை வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி வைப்பீர்கள், இரவில் குளிரும், ஆகவே அதற்கும் குறைவாகத்தான் கிடைக்கும். கேமராவிலேயே யுஎஸ்பி வயர் சொருகிச் சார்ஜ் ஏற்றுவதைவிடத் தனிச் சார்ஜர் நல்லது. வயர் சொருகினால் பக்கவாட்டு மூடி மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும், ஓடும் காரில் தூசிக்கு அதுவே வாசல். மெமரி கார்டு 64 ஜிபி ஒன்று, மாற்றுக்கு ஒன்று. குன்றின் மேல் கார்டு மாற்றும் நிலை வரக் கூடாது, ஏனென்றால் பேட்டரிக்கும் கார்டுக்கும் ஒரே கதவுதான்.

பைக்குப் பதிலாக, இறுக்கமாகப் பூட்டும் பிளாஸ்டிக் டிபன் டப்பா ஒன்று போதும். கேமராவை ஜிப் கவரில் போட்டு அந்த டப்பாவுக்குள் வையுங்கள். துணிப் பையின் தையலிலும் ஜிப்பிலும் மணல் தங்கும். டப்பாவைத் தட்டினால் கொட்டிவிடும். கவர் நான்கைந்து கூடுதலாக இருக்கட்டும், தினம் ஒன்று மாற்றுங்கள். உள்பக்கம் மணல் ஏறிய கவர் பாதுகாப்பு அல்ல, உப்புத்தாள்.

ரப்பர் ஊதுபந்து ஒன்று கட்டாயம். புதிதாக வாங்கியதில் உள்ளே பவுடர் இருக்கலாம், கேமராவில் படாமல் இருபது முப்பது தடவை வெளியே அழுத்திவிட்டுப் பயன்படுத்துங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்த காற்று ஸ்பிரே சில நேரம் திரவமாகவே பீய்ச்சும், காரிலும் வைக்கக் கூடாது. கூடவே மென்மையான புது பெயிண்ட் பிரஷ் ஒன்று.

மணல்மேல் கேமராவைக் கையாளுதல்

மணல் எப்படிப் பறக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. குன்று மணல் புகை மாதிரி மிதப்பதில்லை, துள்ளித் துள்ளிப் போகிறது. அப்படித் துள்ளும் மணலில் பெரும்பங்கு முழங்காலுக்குக் கீழேதான். அதனால் காற்றடிக்கும்போது குத்தவைத்து உட்கார்ந்து, கேமராவைத் தரையோடு வைத்து எடுப்பதுதான் மிக மோசமான காரியம். நின்றுகொண்டு நெஞ்சு உயரத்தில் எடுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

குன்றின் முகட்டைப் பாருங்கள். மணல் பாம்பு நெளிவது போல ஓடினாலோ, உச்சியில் புகைபோல எழும்பினாலோ கேமரா டப்பாவிலேயே இருக்கட்டும். அந்தக் காட்சி வேண்டுமென்றால் போனில் எடுங்கள். நீளும் லென்ஸ் இல்லாத, நீரும் தூசியும் புகாத போன் அந்த வேலைக்கு உங்கள் கேமராவைவிடப் பொருத்தம். அண்ணன் சொன்னது அந்த நேரத்துக்கு மட்டும் சரி. ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றில் நின்று பழகியவர்களுக்கு எந்தக் காற்றில் மண் கிளம்பும் என்பது உடம்புக்கே தெரியும். மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகமே காய்ந்த மணலைக் கிளப்பப் போதுமானது.

அமைதியான நேரத்தில் இப்படிச் செய்யுங்கள். எங்கே நிற்பது, எது படச் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) வர வேண்டும் என்பதை முதலில் கண்ணால் முடிவு செய்யுங்கள். பிறகு டப்பாவைத் திற, ஆன் செய், எடு. ஜூமை அகலக் கோணத்திலேயே விட்டுவிடுங்கள். கிட்ட வேண்டுமென்றால் நடந்து போங்கள். பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை சூடான மணலின்மேல் காற்று அலையும், நீள ஜூமில் எடுத்தால் தூரத்து ஒட்டகம் தண்ணீருக்குள் நிற்பது போலக் குழம்பும். ஆகவே ஜூமால் அங்கே லாபமும் பெரிதாக இல்லை.

முக்கியமானது ஆஃப் செய்யும் விதம். எடுத்து முடித்ததும் லென்ஸ் வெளியே நீண்டிருக்கும்போதே கேமராவைத் தலைகீழாக, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடியுங்கள். குழாய்களின் விளிம்பைச் சுற்றி ஊதுபந்தால் நாலு தடவை ஊதுங்கள். பிறகுதான் ஆஃப் பொத்தான். இந்தப் பத்து விநாடி வேலையைப் பலர் செய்வதில்லை. லென்ஸ் உள்ளே போகும்போதுதான் மணல் உள்ளே போகிறது, வெளியே வரும்போது அல்ல. இதே காரணத்துக்காகத் தானாக ஆஃப் ஆகும் நேரத்தைக் கூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஊதும் முன்பே லென்ஸ் தானே சுருங்கிவிடும். எடுத்த படங்களைப் பார்க்க மட்டும் என்றால் ஆன் பொத்தானைத் தொடாமல் பிளேபேக் பொத்தானை அழுத்துங்கள். பல சின்ன கேமராக்களில் அப்போது லென்ஸ் வெளியே வராது. உங்களுடையதில் எப்படி என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் கண்ணாடியில் மணல் பட்டிருந்தால் முதலில் ஊது, பிறகு பிரஷ், கடைசியில்தான் துணி. சட்டை நுனியால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போயிற்று. பாலைவன மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது கண்ணாடியைவிடக் கடினம், லென்ஸின் மேல்பூச்சைக் கீறிவிடும். பழகிப் பார்க்கிறேன் என்று மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கும் போக வேண்டாம். அங்குள்ள கனிம மணலில் கார்னெட்டும் சிர்க்கானும் உண்டு, அவையும் அதே அளவோ அதைவிடவோ கடினம்.

ஆஃப் செய்ததும் லென்ஸை மூடும் அந்த இரண்டு மெல்லிய தகடுகளையும் கவனியுங்கள். ஒன்று முழுதாகவும் மற்றது பாதியாகவும் மூடியிருந்தால் ஓரத்தில் துகள் இருக்கிறது என்று அர்த்தம். நகத்தால் தள்ளாதீர்கள், தகடு வளைந்துவிடும். பிரஷ் நுனியால் பையத் தட்டி ஊதினால் துகள் வந்துவிடும்.

ஒட்டகச் சவாரியில் ஒரு விஷயம். ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்கால்களை நிமிர்த்தும்; மேலே இருப்பவர் முன்னால் சாய்வார். கழுத்தில் தொங்கும் கேமரா ஆடிப்போய்ச் சேணத்தில் மோதும். எழுந்து நிலையான பிறகு டப்பாவைத் திறங்கள். வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதே நல்லது.

வெளிச்சமும் அளவுகளும்

நேரக் கணக்கு நம்மூர் போல இல்லை. டிசம்பரில் கன்னியாகுமரியில் ஆறரை வாக்கிலேயே சூரியன் வந்துவிடும். ஜெய்சல்மேர் மேற்கேயும் வடக்கேயும் தள்ளி இருப்பதால் அங்கே ஏழேகால் தாண்டித்தான் உதயம்; மாலை ஆறுக்குச் சற்று முன்பே மறைவு. சாம் என்ற ஊரின் மணல் குன்றுகள் ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கி.மீ. மேற்கே. காலை வெளிச்சம் வேண்டுமென்றால் ஆறேகாலுக்கே ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும். மாலையில் அங்கே கூட்டமும் ஜீப்புகளும் மிதித்த தடங்களும் நிறைய. காலையில், இரவுக் காற்று தடங்களை அழித்திருந்தால், முகடு கத்தி முனை போல இருக்கும். நீங்களே அதை மிதிக்காமல் சுற்றி நடங்கள்.

மணல் வரிகள் தெரிய வேண்டுமானால் சூரியன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் நிழலே விழாது, குன்று வெறும் மஞ்சள் சுவர்.

கேமராவின் வெளிச்ச மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். பகலில் சட்டம் முழுக்கப் பளிச்சென்ற மணல் என்றால் படம் இருட்டாக, மணல் சேறு மாதிரி வரும். எக்ஸ்போஷர் அளவை +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள். அந்தியில் பாதி குன்று கறுத்த நிழல் என்றால் மீட்டர் எதிர்ப்பக்கம் தவறும். வெயில் பட்ட பாதி வெளிறிப்போகும். அப்போது -0.3 முதல் -0.7. சட்டத்தில் எவ்வளவு நிழல் என்று பார்த்துத்தான் இது. மனப்பாட எண் அல்ல. வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 'பகல் வெளிச்சம்' என்ற அமைப்பில் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் மாலைப் பொன்னிறத்தை "தவறு" என்று நினைத்துக் கேமரா சரிசெய்துவிடும். கேமரா மெருகேற்றாத ரா (RAW) வடிவத்தில் எடுத்தால் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

எஃப் எண்ணை 4 அல்லது 5.6-இல் வையுங்கள். இவ்வளவு சின்ன சென்சாருக்கு முன்னும் பின்னும் தெளிவாகத் தெரிய அதுவே போதும். எஃப் 11-க்குப் போனால் கூர்மை குறையும், சென்சார் தூசியும் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) 100 அல்லது 125.

ஒத்திகைக்கு நல்ல இடம் பக்கத்திலேயே இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர்ப் பக்கம் உள்ள தேரிக்காட்டுக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். செம்மணலில் ஒரு கூடுதல் பாடமும் கிடைக்கும்: மொத்த வெளிச்சம் சரியாக இருந்தாலும் சிவப்பு மட்டும் வழிந்து, மணலின் நுணுக்கம் அழிந்து ஒரே பூச்சாகிவிடும். நிறவாரியான ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) உங்கள் கேமராவில் இருந்தால் சிவப்புக் கோட்டைப் பார்த்து 0.3 குறையுங்கள். ஜெய்சல்மேர் இருக்கும் தார் பாலைவனத்தின் மணல் வெளிர் மஞ்சள், அங்கே இந்தத் தொல்லை அந்தியில் மட்டும்தான்.

இரவுதான் உங்கள் கேமரா சின்ன சென்சார் போன்களை மிஞ்சும் நேரம். காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். எஃப் 1.8, 24 மி.மீ. கோணம், 15 முதல் 20 விநாடி, ஐ.எஸ்.ஓ. 1600 அல்லது 3200. இருபது விநாடியைத் தாண்டினால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். ட்ரைபாட் இல்லாவிட்டால் அரைக் கிலோ சிறுபயறு போட்டுத் தைத்த துணிப்பை ஒன்றைக் கார் பானட்டில் வைத்து, அதன்மேல் கேமராவை அமர்த்தி, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். மணலை நிரப்பிய பை வேண்டாம், தையலில் கசியும். ஃபோகஸைக் கையால் வைத்து, பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சின்னப் புள்ளியாகும் இடத்தில் நிறுத்துங்கள். டிசம்பரில் பால்வெளியின் நடுப்பகுதி இரவில் தெரியாது. முன்னிரவில் கிழக்கே எழும் திருவாதிரையும் அதைச் சுற்றியுள்ள வேடன் (ஓரியன்) நட்சத்திரக் கூட்டமும்தான் காட்சி. ஆனால் மார்கழித் திருவாதிரையை ஒட்டிப் பௌர்ணமி வரும், நிலவில் நட்சத்திரம் மங்கும். காலண்டரைப் பார்த்து அந்த நாட்களைத் தவிர்த்துத் தேதி போடுங்கள்.

ஓடும் காரிலிருந்து எடுப்பதானால் பக்கக் கண்ணாடியை இறக்க வேண்டாம். லென்ஸைக் கண்ணாடிக்கு ஒரு விரல் இடைவெளியில் பிடித்து, சுற்றிக் கறுப்புத் துணி மறைத்தால் பிரதிபலிப்பு வராது. 80 கி.மீ. வேகத்தில் கார் விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. ஷட்டர் வேகம் 1/1000 விநாடி என்றால்கூட அதற்குள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், சாலையோர மரம் கலையும், தூரத்துக் குன்று கலையாது. கார்டு, பேட்டரி மாற்றுவதும் காருக்குள்தான்: வண்டியை நிறுத்தி, ஏசி காற்றை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு.

பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய தனோட், லோங்கேவாலாப் பக்கம் போனால் ராணுவ, எல்லைக் காவல் இடங்களை எடுக்காதீர்கள். எங்கே எடுக்கலாம் என்று அங்குள்ள ஜவானிடமே கேட்டுவிடுங்கள். வழியில் குஜராத்தின் கட்ச் ரண் போவதானால் அது மணல் அல்ல, உப்பு. அங்கே நம் கடற்கரை விதிகள் பொருந்தும், அன்றிரவே துடைக்க வேண்டும்.

லென்ஸ் சிக்கினால்

"கரகர" என்று கேட்ட நொடியே நிறுத்துங்கள். லென்ஸ் பாதி வெளியே இருந்தால் அப்படியே இருக்கட்டும். உள்ளே தள்ளாதீர்கள், மறுபடி மறுபடி ஆன் ஆஃப் செய்யாதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். லென்ஸைத் தரையைப் பார்க்கப் பிடித்துச் சுற்றிலும் ஊதி, இடைவெளியில் பிரஷ் ஓட்டி, உள்ளங்கையில் லேசாகத் தட்டுங்கள். முழு சார்ஜ் உள்ள பேட்டரியைப் போட்டு, அதே தலைகீழ் நிலையில் ஒரு முறை ஆன் செய்யுங்கள். இரண்டாவது முயற்சியிலும் நகரவில்லை என்றால் டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். மீதியை போன் பார்த்துக்கொள்ளும். எண்ணெய் எதுவும் விடக் கூடாது. எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அரைப்புச் சாந்து, பிறகு சர்வீஸிலும் காப்பாற்றுவது கடினம்.

திரும்பும் வழி

பலர் கோட்டைவிடும் இடம் இது. பாலைவனத்தில் தூசி காய்ந்த பொடியாக இருக்கும், ஊதினால் போய்விடும். திரும்பி வரும்போது பனவேலில் என்.எச். 66 பிடித்து மேற்குக் கரையோரமாக இறங்கினால் ஊர் வரை ஈரக் காற்றுதான். அந்த ஈரத்தில் தூசி இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே முழுச் சுத்தத்தை அகமதாபாத்திலேயே, கரையோரத்தை எட்டும் முன், ஒரு அறையில் மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்: பொத்தான் இடுக்குகள், பிளாஷ் மூடி, பேட்டரிக் கதவின் விளிம்பு, வார் மாட்டும் துளை. கதவைத் திறக்கும் முன் அதன் விளிம்பை ஊதுங்கள், இல்லாவிட்டால் அங்கிருக்கும் மணல் நேரே உள்ளே கொட்டும்.

கரையோரத்தில் ஏசி காரிலிருந்து கேமராவை அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்த்துவிடும். ஜிப் கவருக்குள்ளேயே இருபது முப்பது நிமிடம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அதே எஃப் 11, அதே நீல வானம். கிளம்பும் முன் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். புதிய புள்ளிகள் ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம், எஃப் 4-இல் அவை தெரியாது. நிறைய இருந்தால் சர்வீஸில் கொடுங்கள். அதுவரை சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு அதே டிபன் டப்பாவில் மூடி வையுங்கள்.